மோட்டார் புதுசு, காற்றுதான் வரவில்லை

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"வீடு கோத்தகிரியில், வேலை குன்னூரில். ஒன்பது வருஷம் ஆன சின்ன கார் வைத்திருக்கிறேன். திருகுகிற குமிழ் வைத்த சாதாரண ஏசி, ஹீட்டர்தான், நாலு ஸ்பீடு. போன மழைக்காலத்திலிருந்தே காற்றடிக்கிற ப்ளோயர் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டிருந்தது. பிறகு 1, 2, 3 மூன்றும் வேலை செய்யவில்லை, 4-இல் வைத்தால் மட்டும் மெதுவாகச் சுற்றியது. கடைசியில் அதுவும் நின்றுவிட்டது. மெக்கானிக் அண்ணன் புது மோட்டார் போட்டார். இரண்டு நாள் 4-இல் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் காலையில் நின்றுவிட்டது. டூப்ளிகேட் மோட்டார் வந்துவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்கி மாட்டினார். அது ஒரு வாரம் ஓடியது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிகிறது, கரண்ட் வருகிறது என்கிறார். க்ளவ் பாக்ஸுக்குக் கீழே கையால் தட்டினால் சில சமயம் ஓடுகிறது. லேசாகப் பிளாஸ்டிக் கருகுகிற வாசனையும் வந்தது. இனி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துத் தனி சுவிட்ச் போட்டுவிடலாம் என்கிறார். பனியில் உள்பக்கக் கண்ணாடி மூடிக்கொள்கிறது, சாயங்காலம் திரும்பி வர பயமாக இருக்கிறது. மூன்றாவது மோட்டார் வாங்கட்டுமா, அல்லது அவர் சொல்கிறபடி விட்டுவிடட்டுமா?"

அன்புள்ள சகோதரி,

இரண்டும் வேண்டாம். அதைவிட முக்கியமாக, ப்ளோயர் குமிழை இப்போதே 0-வில் வைத்துவிடுங்கள். ஓடவில்லைதானே, எங்கே இருந்தால் என்ன என்று 4-இலேயே விட்டுவைக்காதீர்கள். தட்டினால் ஓடுகிறது, கருகுகிற வாசனை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டாஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு இணைப்பு லூஸாகிச் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. வண்டி ஓடும்போது அது தானாகத் தொட்டுத் தொட்டு விலகும். அதற்கு மேலே பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான் இருக்கின்றன. மோட்டாருக்கு ஒயரைச் சொருகும் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றிக் கண்ணால் பார்க்கும்வரை குமிழ் 0-வில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் நோய்க்கான எல்லா அடையாளங்களும் வரிசையாகவே இருக்கின்றன. என் கணிப்பு இது: இப்போது வண்டியில் இருக்கும் மோட்டார் பெரும்பாலும் நல்ல மோட்டார். பழுது அதில் சொருகும் கப்ளரில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும், ஸ்பீடைக் குறைக்க உதவும் ரெசிஸ்டரும் போயிருக்கிறது. இரண்டையும் கெடுத்தது உங்கள் பழைய மோட்டார். அது போகும்போது இவை இரண்டையும் கெடுத்துவிட்டுத்தான் போனது. எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் உங்கள் மெக்கானிக்கிடம் எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

கிறீச் சத்தம் என்பது மோட்டாரின் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் காய்ந்து இறுகத் தொடங்கியதன் அறிகுறி. இறுகிய மோட்டார் சுற்றுவதற்குச் சிரமப்படும், மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றுகிற மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். வேகமாக ஓடினால்தானே அதிகக் கரண்ட் என்று கேட்பார்கள். மோட்டார் சுற்றும்போது அதுவே எதிர் வோல்டேஜ் ஒன்றை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும், கரண்ட் தாராளமாகப் பாயும். ஆகவே போன மழைக்காலத்திலிருந்து உங்கள் ப்ளோயர் வயரிங், அளவுக்கு மீறிய கரண்டைச் சுமந்துகொண்டே இருந்திருக்கிறது.

முதலில் அடி வாங்கியது ரெசிஸ்டர். 1, 2, 3 ஆகிய ஸ்பீடுகளில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். 4-இல் ரெசிஸ்டரை விட்டு விலகி நேராகப் போகும். ரெசிஸ்டர் சூடாவதற்கென்றே செய்யப்பட்ட பொருள், அதனால்தான் அதை ப்ளோயர் காற்று அடிக்கிற பாதையிலேயே பொருத்தியிருப்பார்கள். மோட்டார் இறுகியபோது ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் இடி: கரண்ட் கூடிவிட்டது, குளிர வைக்கும் காற்று குறைந்துவிட்டது. பல ரெசிஸ்டர்களில் சூடு எல்லை மீறினால் அறுந்துகொள்ள ஒரு தெர்மல் ஃபியூஸ் உண்டு. அது அறுந்தால் 1, 2, 3 போய்விடும், 4 மட்டும் மிஞ்சும். நீங்கள் எழுதியது அச்சாக அதேதான். புது மோட்டார் போட்ட பிறகும் 4-இல் ஓடியது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், மற்ற ஸ்பீடுகள் திரும்பி வந்ததாக எழுதவில்லை. அந்த அடையாளத்தை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

இனி கப்ளருக்கு வருவோம். மற்ற ஸ்பீடுகள் போனதால் நீங்கள் எப்போதும் 4-இல் ஓட்டியிருப்பீர்கள், வேறு வழியில்லை. 4-இல் சின்ன கார் ப்ளோயர் 15 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். வண்டிக்கு வண்டி இது கூடும், குறையும். புஷ் இறுகிய மோட்டார் அதற்கும் மேலே. கப்ளருக்குள் இருக்கும் பித்தளைப் பின், ஸ்பிரிங் மாதிரி இறுக்கிப் பிடித்தால்தான் கரண்ட் சுகமாகப் போகும். தொடர்ந்து சூடுபட்டால் அந்த இறுக்கம் போய்விடும். பிடி தளர்ந்த இடத்தில் கறை ஏறும், கறை ஏறிய இடத்தில் ரெசிஸ்டன்ஸ் வரும், ரெசிஸ்டன்ஸ் வந்த இடம் இன்னும் சூடாகும்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பின்னுக்கும் கப்ளருக்கும் நடுவில் வெறும் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் போகும்போது அந்தப் புள்ளியில் 1.5 வோல்ட் தங்கிவிடும், 22.5 வாட் சூடு பிறக்கும். கடையில் விற்கும் சின்ன சோல்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது ஒரு சோல்டரிங் அயர்னை எடுத்துப் பிளாஸ்டிக் கப்ளருக்குள் சொருகி, குன்னூர் போய்ச் சேரும்வரை அணைக்காமல் விட்ட மாதிரி. உங்களுக்கு வந்த வாசனை அதுதான்.

இத்தனைக்கும் ஃபியூஸ் போகவில்லையே என்று உங்கள் மெக்கானிக் அண்ணன் கேட்கக்கூடும். போகாது. அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால்தான் ஃபியூஸ் போகும். லூஸ் கான்டாக்டில் நடப்பது அதற்கு நேர்மாறு, ரெசிஸ்டன்ஸ் கூடுவதால் மொத்தக் கரண்ட் கொஞ்சம் குறையவே செய்யும். பல வண்டிகளில் ப்ளோயர் ஃபியூஸ் 30 ஆம்பியர். 13 ஆம்பியரில் கப்ளர் உருகி ஒழுகினாலும் அந்த ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வரவே கூடாது.

இப்போது புது மோட்டார் ஏன் இரண்டு நாள் ஓடியது, அடுத்தது ஏன் ஒரு வாரம் ஓடியது என்பதும் விளங்கும். ஒவ்வொரு முறை கப்ளரைக் கழற்றி மாட்டும்போதும் பின் கொஞ்சம் உரசிச் சுத்தமாகும், புது இடத்தில் தொடும். சில நாள் தாங்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி மறுபடி விலகிவிடும். கழற்றி மாட்டிய கைதான் குணப்படுத்தியது. பெயர் மட்டும் புது மோட்டாருக்குப் போனது. இரண்டாவது மோட்டாரை வாங்காமல், கப்ளரை மட்டும் கழற்றி மாட்டியிருந்தாலும் அந்த ஒரு வாரம் கிடைத்திருக்கும்.

அடுத்தது டெஸ்ட் லேம்ப். இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெஸ்ட் லேம்ப் எரிந்தது என்பதற்குப் பொருள், அந்த ஒயரில் வோல்டேஜ் இருக்கிறது என்பது மட்டும்தான். அந்த ஒயரால் 15 ஆம்பியர் சுமக்க முடியுமா என்பதை அது சொல்லாது. இப்போது பலர் வைத்திருக்கும் எல்இடி டெஸ்ட் லேம்ப் சில மில்லி ஆம்பியரில் எரிந்துவிடும். ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது பளிச்சென்று எரியும். மீட்டரும் அப்படித்தான், கப்ளரைக் கழற்றிவிட்டு வைத்தால் 12.6 வோல்ட் காட்டும், மாட்டி ஓடவிட்டால் அதே இடத்தில் 7 வோல்ட் வரும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜப்பான் பாணியில் வடிவமைத்த பல கார்களில் ப்ளோயர் சுவிட்ச் எர்த் பக்கத்தில், அதாவது மைனஸ் பக்கத்தில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்ச் வழியாக மோட்டாருக்கு 12 வோல்ட் வந்து நின்றுவிடும். நீங்கள் குமிழைத் திருப்பும்போது நடப்பது, மோட்டாரின் மறுமுனையை எர்த்தோடு சேர்ப்பது. இப்படிப்பட்ட வண்டியில் எர்த் பக்கம் அறுந்திருந்தால், மோட்டாரின் இரண்டு ஒயரிலுமே டெஸ்ட் லேம்ப் எரியும். ஒரு ஒயரில் வருகிற வோல்டேஜ் மோட்டார் சுருள் வழியாகவே மறு ஒயருக்கும் போய் நிற்கும். இரண்டு பக்கமும் எரிகிறதே, கரண்ட் வருகிறதே, அப்படியானால் மோட்டார்தான் அவுட் என்று முடிவெடுத்துவிடுவார்கள். அறுந்தது ரெசிஸ்டர் கப்ளரிலோ, குமிழுக்குப் பின்னால் உள்ள கப்ளரிலோ, எர்த் போல்ட்டிலோ இருக்கும்.

ஆகவே அளக்கிற முறை இதுதான். மோட்டாரை மாட்டியே வைத்துக்கொண்டு, குமிழை 4-இல் வைத்து, கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து, மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்கும் நடுவில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் வாக்கில் இருக்கும், மோட்டாரில் அதிலிருந்து 1 வோல்டுக்கு மேல் குறையக் கூடாது. மோட்டாரில் 13-க்கு மேல் வந்தும் அது சுற்றவில்லை என்றால் மோட்டார்தான் கெட்டது, சந்தேகமில்லை. குறைவாக வந்தால் மோட்டாரின் மேல் குற்றமில்லை, குறைந்த வோல்டேஜ் வழியில் எங்கே தங்குகிறது என்று தேட வேண்டும்.

தேடுவதற்கும் அதே மீட்டர் போதும். சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை மோட்டாரின் பிளஸ் ஒயரில். ஓடும்போது இங்கே 0.5 வோல்டுக்குள் காட்ட வேண்டும். அப்புறம் மோட்டாரின் மைனஸ் ஒயரிலிருந்து பேட்டரி மைனஸுக்கு, இதுவும் 0.5-க்குள். எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டே வந்தால் கள்ளன் அகப்படுவான். ஒன்று மட்டும் கவனம்: எங்காவது முழுதாக அறுந்து கரண்டே ஓடாமல் இருந்தால், அந்த ஒரே இடத்தில்தான் முழு 12 வோல்டும் காட்டும். மற்ற இடங்கள் எல்லாம் 0 காட்டி, நல்லவை போலத் தோன்றும். தட்டி ஓடவைத்து ஒருமுறை, நின்றபின் ஒருமுறை என்று இரண்டு நிலையிலும் அளந்தால் ஏமாற மாட்டோம்.

ஓம் வைத்து அளக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இங்கே உதவாது. சாதாரண மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். நாம் தேடுவது 0.1 ஓம். கரண்ட் ஓடும்போது 1.5 வோல்டாகத் தெரிகிற பழுது, ஓமில் கண்ணுக்கே படாது.

மீட்டர் வசதி இல்லாத இடம் என்றால் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 55 வாட் ஹாலஜன் பல்பு நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதன் இரண்டு முனையையும் மோட்டார் கப்ளரில் கொடுத்துக் குமிழை 4-இல் வைத்தால், ரோட்டில் எரிகிற மாதிரி வெள்ளையாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ, ஒயரை அசைத்தால் மினுக்கினாலோ வயரிங்கில் கோளாறு. பல்பு கைசுடும் அளவுக்குச் சூடாகும், சீட்டின் மேலோ கார்பெட்டின் மேலோ வைக்க வேண்டாம்.

மோட்டாரைத் தனியாகப் பார்ப்பது சுலபம். வெளியே எடுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து டைரக்ட் கொடுக்கலாம். கொடுத்த உடனே மோட்டார் கையில் ஒரு உதறு உதறும், கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். விசிறிக்குள் விரல் போகக் கூடாது. அதே நேரத்தில் டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் இருந்தால் கரண்டையும் பார்த்துவிடலாம். வெளியே எடுத்த மோட்டார், பெட்டிக்குள் இருக்கும்போது இழுக்கிற அதே கரண்டை இழுக்காது, காற்றின் பாதை வேறு. அதனால் ஒப்பிடும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, கப்ளர் கருகியிருப்பது உறுதியானால் என்ன செய்வது? சுரண்டி, பிளையரால் நெருக்கி, மறுபடி மாட்டுவது வேண்டாம். சூடுபட்டு இறுக்கம் போன பித்தளை மறுபடி இறுகாது. ஒயரோடு வரும் புதுக் கப்ளர் ஸ்பேர் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் உடைத்துப் பிரித்து விற்கும் கடையில் அதே மாடலின் நல்ல கப்ளரை ஒரு சாண் ஒயரோடு வெட்டி வாங்கலாம். பழைய ஒயரைக் கறுத்த இடத்தோடு விட்டுவிடாமல், செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை வெட்டித் தள்ள வேண்டும். சேர்க்கும் ஒயரின் கனம் பழையதைவிடக் குறையக் கூடாது. சரியான அளவு ஸ்லீவ் போட்டு, கருவியால் நசுக்கி இறுக்கி க்ரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை ஏற்ற வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது 15 ஆம்பியர் லைனுக்கு ஆகாது. டேப்பின் பசை சூட்டில் இளகி, ஆறு மாதத்தில் அவிழ்ந்துவிடும். இரண்டு ஒயர்களின் இணைப்பும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வராமல் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

மோட்டார் பக்கத்துப் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கெட்ட கப்ளரில் ஓடியிருக்கிறது. நீலம் பாரித்தோ கறுத்தோ இருந்தால், அது புதுக் கப்ளரையும் கெடுத்துவிடும். லேசான கறை என்றால் சுத்தம் செய்யலாம். பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருந்தால் அந்த மோட்டாரைப் போடக் கூடாது.

ரெசிஸ்டரைப் புதிதாகவே போட்டுவிடுங்கள், விலை மோட்டாரைவிட மிகவும் குறைவு. சிலர் தெர்மல் ஃபியூஸை மட்டும் ஒயரால் ஒட்டவைத்து 1, 2, 3-ஐ ஓடவைப்பார்கள். பார்க்கக் கெட்டிக்கார வேலை போல இருக்கும். ஆனால் அடுத்த முறை மோட்டார் இறுகும்போது அறுந்து காப்பாற்ற ஒன்றும் இருக்காது. ரெசிஸ்டர் கப்ளரும் ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் சொருகும் இடமும்கூட இதே கரண்டைத்தான் சுமந்தன, இரண்டையும் கழற்றி நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டைரக்ட் ஒயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இதற்குக் கண்டிப்பாக எதிரி. பேட்டரியிலிருந்து இழுக்கிற ஒயர், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒரு ஓட்டை வழியாக வர வேண்டும். ரப்பர் வளையம் இல்லாமல் வந்தால், மலைப்பாதை ஆட்டத்தில் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும். பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை என்றால் அந்த ஷார்ட்டை நிறுத்த ஒன்றுமே கிடையாது, தீதான். சாவியை எடுத்த பிறகும் ப்ளோயர் ஓடும், மறந்து இறங்கிப் போனால் சின்ன கார் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் காலி. இவ்வளவையும் சரியாக, ஃபியூஸும் ரிலேயும் வைத்துச் செய்தாலும்கூட, அந்தப் புது ஒயர் போய்ச் சேரப்போவது அதே கருகிய கப்ளரில்தான். கப்ளரை மாற்றினால் கம்பெனி வயரிங்கே வேலை செய்யும். மாற்றாவிட்டால் டைரக்ட் ஒயரும் நிற்கும்.

மோட்டார் மாட்டிய விதத்திலும் சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. விசிறி உருளை கையால் சுற்றினால் எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். பழைய மோட்டாரின் உருளையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இறக்கைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடது கை ஸ்டியரிங் நாட்டுக்குச் செய்த மோட்டார் சில மாடல்களில் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படி எதிராகச் சுற்றினால் சத்தம் வரும், காற்று பாதிகூட வராது. கப்ளரை மாற்றும்போது இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டாலும் இதே கதைதான். இன்னொன்று, பல மோட்டார்களின் பக்கவாட்டில் சின்ன ரப்பர் குழாய் ஒன்று இருக்கும், மோட்டாரைக் குளிர வைக்க அதன் வழியாகக் கொஞ்சம் காற்று போகும். இதை மாட்ட மறந்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. உடனே ஒன்றும் தெரியாது, ஒரு வருஷத்தில் மோட்டார் சத்தம் போடும்.

உங்கள் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரி வண்டிகளில் ப்ளோயர் கெடுவதற்கு இலையும் ஈரமும் பெரிய காரணங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கிரில் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலிலோ, தைல மரத்தடியிலோ வண்டியை நிறுத்தினால் இலைகள் அங்கே சேரும். தூளானது உள்ளே இறங்கி விசிறியிலும் ரெசிஸ்டர் மேலும் படியும். மீதி, அந்தப் பள்ளத்தின் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைக்கும். உங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தேங்கிய தண்ணீர் வழிந்து நேராக ப்ளோயர் மேல் சொட்டும், புஷ் துருப்பிடிக்கும், கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறும். உங்கள் பழைய மோட்டார் மழைக்காலத்தில் கத்த ஆரம்பித்தது என்று படித்ததுமே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. கிரில்லில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தயங்காமல் வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் கார்பெட்டைத் தூக்கித் தொட்டும் பாருங்கள். ஈரமாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் எந்த மோட்டார் போட்டாலும் அடுத்த மழை வரைதான்.

கேபின் ஃபில்டர் உங்கள் வண்டியில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கு லோடு அதிகமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த வகை உருளை விசிறியில் அது சரியல்ல. காற்று குறைந்தால் தள்ளுகிற வேலையும் குறையும், கரண்ட் சற்றுக் குறையும். கெடுவது வேறு விதத்தில்: ரெசிஸ்டருக்கும் மோட்டாருக்கும் குளிர்ச்சி கிடைக்காமல் போகிறது.

வேலைக்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் பொறுத்துத்தான் டாஷ்போர்டுக்குள் கை வைக்க வேண்டும். மஞ்சள் நிற ஒயர்களையும் மஞ்சள் கப்ளர்களையும் தொடவோ, டெஸ்ட் லேம்ப் வைக்கவோ கூடாது.

உங்கள் மெக்கானிக் அண்ணனோடு சண்டை போட வேண்டாம். "மோட்டார் மாட்டிய நிலையிலேயே, 4-இல் வைத்து, மோட்டார் ஒயர் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று எனக்குக் காட்டுங்கள் அண்ணா, பார்க்கிற நேரத்துக்குக் கூலி தனியாகத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் சாமான் மாற்றினால் கூலி கொடுக்கிறோம், அரை மணி நேரம் அளந்து பார்த்தால் "என்ன செய்தாய், ஒன்றும் மாற்றவில்லையே" என்கிறோம். அதனால் அளக்கத் தெரிந்தவர்கூட மாற்றுகிற வழிக்கே போகிறார். அவருக்கு வயரிங்கில் பழக்கம் குறைவு என்றால், வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் அவரையே கூட்டிப் போகச் சொல்லலாம். கையில் மீட்டரும் கப்ளரும் இருந்தால் இது அரை நாள் வேலை.

அதுவரை கண்ணாடிப் பனியைச் சமாளிக்க வேண்டுமே. காற்று வரும் நெம்புகோலை உள்காற்றிலிருந்து வெளிக்காற்றுக்கு மாற்றி வையுங்கள். மூச்சின் ஈரம் உள்ளேயே சுழல்வதால்தான் கண்ணாடி அவ்வளவு வேகமாக மூடுகிறது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள், குளிரும், ஆனால் பாதை தெரியும். காற்றின் திசையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, சூட்டுக் குமிழை முழுச் சூட்டில் வைத்தால், வண்டி நகரும் வேகத்திலேயே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று ஏறும். மலைப்பாதை வேகத்துக்கு அது போதாது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். கண்ணாடியின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்து வையுங்கள், அழுக்குப் படலம் இருந்தால் ஈரம் அதைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த குடையையும் மிதியடியையும் இரவில் வண்டிக்குள் விடாதீர்கள். ஏசி பட்டனைப் போட வேண்டாம், ப்ளோயர் காற்று இல்லாமல் ஏசி ஓடினால் உள்ளே உள்ள குளிர்காயில் பனி கட்டிவிடும். அடர்ந்த மூட்டம் இறங்கிவிட்டால் அன்றைக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள், தயவுசெய்து. எதிரே வருவது தெரியாமல் அந்த வளைவுகளில் ஓட்டக் கூடாது.

ப்ளோயர் சரியான பிறகு பனிக்கு ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளியும். முதல் வாரத்தில் ஒருநாள் 4-இல் இருபது நிமிடம் ஓடவிட்டு, வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்ததும் புதுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் இணைப்போ மோட்டாரோ இன்னும் சரியில்லை, திரும்பப் போங்கள்.

டூப்ளிகேட் என்று கழற்றிய அந்த முதல் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எலெக்ட்ரிக்கல் சாமானைப் பொருத்திய பிறகு பெரும்பாலான கடைகளில் திரும்ப வாங்க மாட்டார்கள், ஆகவே அது பட்டறையிலேயே கிடக்கும். பேட்டரியில் டைரக்ட் கொடுத்துப் பாருங்கள். இரண்டே நாள் ஓடிய மோட்டார், சத்தமில்லாமல் சுற்றினால் அதை வாங்கி வீட்டில் காய்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வண்டியில் இருக்கும் மோட்டாரின் பித்தளைப் பின் கருகியிருந்தால் அதையே மாட்டிவிடலாம், மூன்றாவது வாங்கத் தேவையில்லை.